ரத்தம் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது, சரி. எந்த வழியில் கொடுப்பது?

ரத்தம் கொடுக்க மனசிருக்கிறவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. "யாருக்காவது வேணும்னா சொல்லுங்கண்ணே, எந்நேரம்னாலும் வந்துர்றேன்" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனவர்கள் என் போனில் வரிசையாக இருக்கிறார்கள். சொன்னதில் பொய் கிடையாது, கூப்பிட்டால் வரவும் செய்வார்கள். சிக்கலே அந்த 'வேணும்னா சொல்லுங்க'வில்தான் இருக்கிறது. மதுரையில் நண்பர்களோடு சேர்ந்து முகாம் நடத்துவதும், ரத்த வங்கிக்கு ஆள் அனுப்புவதுமாக இருக்கிறவன் நான். முதல் தடவை கொடுக்கப் போகிறவருக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

உறவினருக்கு ஆபரேஷன் வரும்போது கொடுப்பது ஒரு வழி. வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தால் ஓடுவது இன்னொன்று. முகாமில் படுத்துக் கொடுக்கலாம். யாரும் கூப்பிடாமல் நாமாகவே ரத்த வங்கிக்கு நடந்து போய்க் கொடுக்கலாம். ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்களை (பிளேட்லெட்) மட்டும் கொடுக்கலாம். எல்லாம் ரத்ததானம்தான், ஆனால் நோயாளிக்குக் கிடைக்கிற பலன் ஒன்றுபோல இருப்பதில்லை.

எதை வைத்து அளப்பது? நான் வைத்துக்கொண்டிருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: தேவைப்படுகிற அந்த நேரத்தில் ரத்தம் ஃபிரிட்ஜில் இருக்குமா?

பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்தவுடன் கர்ப்பப்பை சுருங்காவிட்டால் சில நிமிடங்களிலேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போய்விடும். அப்போது வாசலில் பத்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றாலும் அவர்கள் ரத்தத்தை அப்படியே ஏற்ற முடியாது. எடுத்த ரத்தத்துக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனைகள் சட்டப்படி கட்டாயம். குரூப் பார்க்க வேண்டும், சிவப்பணுவையும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவையும் பிரிக்க வேண்டும், நோயாளியின் ரத்தத்தோடு சேருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும். ஆகவே அந்தத் தாயைக் காப்பாற்றுவது போன வாரம் எவரோ கொடுத்துவிட்டுப் போன ரத்தம்தான். உலை கொதித்த பிறகு அரிசி வாங்கக் கடைக்கு ஓடுகிற வீட்டில் சோறு நேரத்துக்கு ஆகாது.

இந்தக் கண்ணோட்டத்தோடு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

சொந்தக்காரருக்கு என்றால் மட்டும்

நம்மில் பாதிப் பேர் முதன்முதலாக ரத்தம் கொடுப்பது இப்படித்தான். மாமாவுக்கு ஆபரேஷன், "ரெண்டு யூனிட்டுக்கு ஆள் ரெடி பண்ணுங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். நம்முடைய குரூப் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்ததற்குப் பதிலாக நாம் ஒன்று கொடுக்கிறோம். ரிப்ளேஸ்மென்ட் என்று இதைச் சொல்வார்கள்.

உள்ளூர்க் குடும்பத்துக்கு இது பெரிய கஷ்டமில்லை. ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, நோயாளியும் அவர் மனைவியுமாக வார்டில் தனியாகக் கிடக்கிறவர்களுக்கு? அந்த அம்மாவுக்கு மதுரையில் யாரைத் தெரியும்? இப்படி நிற்கிறவர்களைத் தேடித்தான் ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர்கள் திரிகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பதை 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். ஆனால் 'நோயாளிக்குத் தம்பி முறை' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் தம்பியா, தலைக்கு இவ்வளவு என்று பேசி வந்தவரா என்று கவுன்டரில் இருக்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. ரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு படிவம் கொடுப்பார்கள். சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்தினீர்களா, பாதுகாப்பில்லாத உறவு உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கும். வெளியே மச்சானும் மாமனாரும் உட்கார்ந்திருக்க, "என் ரத்தம் வேண்டாம்" என்று எழுந்து வர எத்தனை பேரால் முடியும்? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் போட்டுவிடுவார்கள். தொற்று உண்டான புதிதில் சில நாட்கள், சில சமயம் சில வாரங்கள், எந்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. அந்த இடைவெளியில் நோயாளிக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு கொடுப்பவரின் உண்மையான பதில்தான். சொந்தக்காரர்கள் சூழ நிற்கும்போது அந்த உண்மைக்கு நெருக்கடி வந்துவிடுகிறது.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். சிவகாசியில் உறவினர் ஒருவருக்காக ஓர் இளைஞர் கொடுத்த ரத்தம் அது. தனக்குத் தொற்று இருப்பது வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்ததும், அவரே மருத்துவமனையைத் தேடி வந்து சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அதில் பரிசோதனைத் தவறு என்ன, யார் பொறுப்பு என்பது வேறு பேச்சு. தவறாமல் வந்து கொடுக்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் பரிசோதனை நடக்கிறது, பழைய முடிவுகள் பதிவில் இருக்கின்றன. அவசரத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறவரைப் பற்றி ரத்த வங்கிக்கு முன்பின் எதுவும் தெரியாது. என் கவலை அதில்தான்.

'கூடப் பிறந்தவன் ரத்தம்தான் சேரும்' என்கிற நம்பிக்கையும் இந்த வழியை உயிரோடு வைத்திருக்கிறது. மருத்துவர்கள் சொல்வது நேர் எதிர். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார் ரத்தம் அபூர்வமாக ஒரு கொடிய எதிர்வினையை உண்டாக்கலாம் என்பதால், அதைக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். இன்னும் பிள்ளை பெற வேண்டிய மனைவிக்குக் கணவன் ரத்தத்தை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறார்கள். பின்னால் வரும் கர்ப்பத்துக்கு ஆகாத எதிர்ப்பொருள்கள் உருவாகலாம். முகம் தெரியாதவர் ரத்தம்தான் நல்லது.

2002-ல் வந்த தேசிய ரத்தக் கொள்கையே இந்தப் பதிலுக்குப் பதில் முறையைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்கிறது. வீட்டில் ஒருவருக்குத் தேவை என்றால் போய்க் கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுங்கள். அதையே உங்கள் வழி என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

வாட்ஸ்அப் அழைப்பு

'அவசரம்! பி நெகட்டிவ் தேவை' என்று ஒரு நம்பரோடு வரும். தேதி இருக்காது, ஆஸ்பத்திரி பெயர் இருக்காது. போன் செய்தால், "அது போன வருஷம் சார், அப்பா நல்லாயிட்டாரு, இன்னும் போன் வந்துக்கிட்டேதான் இருக்கு" என்று மறுமுனையில் களைத்த குரல் கேட்கும். அந்தக் குடும்பத்துக்கு எத்தனை வருஷம் தண்டனையோ.

உண்மையான அழைப்பாகவே இருந்தாலும் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் கிளம்பிவிடுவார்கள், தேவைப்பட்டது இரண்டு பேர். மீதிப் பேர் திரும்பி வருவார்கள், அடுத்த தடவை வர யோசிப்பார்கள். ஃபார்வர்டு செய்வதற்கு முன் தேதி, மருத்துவமனை, எத்தனை யூனிட் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழித்துவிடுங்கள், பாவம் ஒன்றும் வராது.

இந்த வழியை நான் முழுக்கத் தள்ளவில்லை. நூறு பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் நெகட்டிவ் குரூப் இருக்கும். அவர்கள் கண்டபடி கொடுத்துவிட்டு மூன்று மாதம் கொடுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதைவிட, ரத்த வங்கியில் பெயரைப் பதிந்துவிட்டுக் கூப்பிடும்போது போவது நல்லது. 1952-ல் மும்பையில் டாக்டர் பெண்டே குழுவினர் கண்டறிந்த 'பம்பாய் குரூப்' என்கிற தனி ரத்த வகைக்காரர்கள் இன்னும் அபூர்வம். அவர்களுக்கு இந்த ஒரு வழிதான். அதாவது அழைப்புக்குக் காத்திருப்பது நெகட்டிவ்காரர்களுக்குச் சரி. நம் பக்கம் மூலைக்கு மூலை இருக்கிற ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ்காரர்கள் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

முகாம்

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் தன்னார்வமாக வந்து ரத்தம் கொடுக்கிற பழக்கத்தை வளர்த்ததில் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்துக்கும், ரசிகர் மன்றங்களுக்கும், கட்சி இளைஞர் அணிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கட் அவுட்டுக்குப் பால் ஊற்றிய கைகளை ரத்தம் கொடுக்கையில் பந்து பிழிய வைத்தது சின்ன வேலை இல்லை.

முதல் தடவைக்கு முகாமைப் போல ஒன்று கிடையாது. ஆஸ்பத்திரி வாசனை கிடையாது, பக்கத்துக் கட்டிலில் நண்பன் படுத்திருப்பான், பயத்தைக் காட்டிக்கொள்ள முடியாது. எங்கள் முகாம் ஒன்றில் பார்த்தது இது. ஒரு கல்லூரிப் பையன், விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்தார்கள். மேஜை மேல் சின்ன பீக்கரில் நீல நிறத்தில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் இருக்கும். துளியை அதில் விட்டால், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிற ரத்தம் கனத்துக்குக் கல் மாதிரி அடியில் போய்விடும். குறைவாக இருந்தால் தயங்கும், மேலே மிதக்கும். பையனுடைய துளி பாதி தூரம் போய் நின்று, மெல்ல மேலே வந்தது.

"என்னக்கா, மிதக்குது?"

"மிதந்தா இன்னிக்கு வேணாம் தம்பி. காலையில என்ன சாப்பிட்ட?"

"டீ."

"டீ மட்டுமா? நல்லாச் சாப்பிடு. முருங்கைக் கீரை, பேரீச்சை எல்லாம் சேத்துக்க. ஒரு தடவை ரத்த டெஸ்ட் எடுத்து டாக்டர்கிட்டக் காமி. மூணு மாசம் கழிச்சு வா, எடுத்துக்கிறேன்."

அவன் முகம் தொங்கிவிட்டது. ஆனால் தனக்குச் சோகை இருக்கிறது என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கொடுக்க வந்து கொடுக்காமல் போனவர்களைக் கையில் ஒரு ஜூஸோடு மரியாதையாக அனுப்பிவைக்கிற முகாம் நல்ல முகாம். 'அன்ஃபிட்' என்று சத்தமாகச் சொல்லித் துரத்திவிட்டால் அவன் ஆயுசுக்கும் வர மாட்டான்.

இப்போது குறைக்கு வருவோம். தலைவர் பிறந்தநாளுக்கு ஒரே நாளில் முந்நூறு யூனிட் எடுத்ததாக போஸ்டர் ஒட்டுகிறார்கள். சிவப்பணு 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாட்கள், சேர்க்கிற திரவத்தைப் பொறுத்து 42 நாட்கள் வரை தாங்கும். தட்டணுக்கள் ஐந்தே நாள். அதுவும் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருஷம் இருக்கும். ஆக, ஒரே நாளில் வந்த ரத்தத்தின் தட்டணுக்களை ஐந்து நாளுக்குள் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் குப்பைத்தொட்டிதான். இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு, அந்த முந்நூறு பேரும் ஒரே மூச்சில் மூன்று மாதத்துக்கு விடுப்பில் போய்விடுகிறார்கள் என்பது. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். அறுபதாவது நாள் ரத்த வங்கியில் தட்டுப்பாடு வந்தால் அந்த ஏரியாவில் கூப்பிட ஒரு ஆள் இருக்க மாட்டான்.

இன்னொன்று, முகாமில் எடுக்கிற ரத்தம் யாருக்குப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அரசு ரத்த வங்கியும் வந்து எடுக்கும், தனியாரும் அறக்கட்டளைகளும் வந்து எடுப்பார்கள். தனியார் எடுப்பது தப்பில்லை, அங்கேயும் நோயாளிகள்தான் இருக்கிறார்கள். ரத்தத்தை விற்கக் கூடாது, பரிசோதித்துப் பிரித்து வைக்கிற செலவை மட்டும் வாங்கலாம் என்பது விதி. முழு ரத்தம் ஒரு யூனிட்டுக்குத் தனியாரில் 1,550 ரூபாய் என்று 2022-ல் வரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் வாங்காதீர்கள் என்று பிறகு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுபடி நினைவூட்ட வேண்டியிருந்தது. முகாம் நடத்துகிறவரிடம் "எந்த பிளட் பேங்க் வருது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

யாரும் கூப்பிடாமல் போவது

என் ஓட்டு இதற்குத்தான். மதுரை என்றால் பெரியாஸ்பத்திரி, அந்தந்த ஊர் என்றால் அந்தந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை. விபத்தில் அடிபட்டு 108-ல் வருகிறவர், சிக்கலான பிரசவங்களைப் பார்க்கிற சீமாங் பிரிவுக்கு வருகிறவர், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டிய தலசீமியா குழந்தைகள் எல்லோரும் வந்து சேர்கிற இடம் அது. சின்ன ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் ரத்தம் எடுக்க வசதி இருக்காது, சேமிப்பு மையம் மட்டும் இருக்கும். அங்கே இருக்கிற யூனிட்டுகளும் பெரிய ரத்த வங்கியிலிருந்து போனவைதான்.

போனால் என்ன நடக்கும்? படிவம், எடை, ரத்த அழுத்தம், விரல் நுனித் துளி, மருத்துவரின் இரண்டு கேள்வி. அப்புறம் கட்டில். முழங்கை மடிப்பில் ஊசி ஏறும்போது சுருக்கென்று இருக்கும். சாதாரண ஊசியைவிடத் தடிமன்தான், மறைப்பானேன். பிறகு ஐந்திலிருந்து பத்து நிமிடத்தில் பை நிறைந்துவிடும். பக்கத்தில் பை வைத்திருக்கிற தட்டு தொட்டில்போல் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கலாம். எழுந்தவுடன் ஓடக் கூடாது. பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். மொத்தமாக ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். கூட்டமாக இருக்கிற நாளில் கொஞ்சம் கூடலாம்.

குறை இல்லாமல் இல்லை. முகாமில் கிடைக்கிற கைதட்டல் இங்கே கிடையாது. "யாருக்கு கொடுக்க வந்தீங்க? பேஷண்ட் பேர் என்ன?" என்றுதான் கவுன்டரில் முதல் கேள்வி வரும். சும்மாதான் வந்தேன் என்றால் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். தன்னார்வக் கொடை என்று அழுத்திச் சொல்லி, கொடையாளர் அட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்த வங்கியில் எந்தக் குரூப் எவ்வளவு இருக்கிறது என்பதை மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்திலும் பார்க்கலாம்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடும், முகாம் நின்றுவிடும், வெயிலில் ஆள் வெளியே வரமாட்டார்கள். பிரசவமும் விபத்தும் கோடை விடுமுறை பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கொடுப்பேன் என்கிறவர் தன் பிறந்தநாளை விட்டுவிட்டு மே மாதத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

தட்டணுக்கள் மட்டும்

கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஒரு கையிலிருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போகும், தட்டணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பி அனுப்பும். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம்கூட ஆகும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தால் உதட்டோரம் லேசாக மரத்து விறுவிறுக்கும், சொன்னால் கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். ஒருவரிடம் இப்படி எடுப்பது, சாதாரண முறையில் ஆறு பேரிடம் எடுத்துப் பிரிக்கிற தட்டணுக்களுக்குச் சமம். நோயாளிக்கு ஆறு பேர் ரத்தத்துக்குப் பதில் ஒருவருடையது போதும் என்பது பெரிய லாபம். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கு இது திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

50 கிலோ எடை, ஒன்றரை லட்சத்துக்கு மேல் தட்டணு, நல்ல நரம்பு வேண்டும். ஆஸ்பிரின் போட்டிருந்தால் மூன்று நாள் பொறுக்க வேண்டும். சில நாட்களிலேயே உடம்பு ஈடுகட்டிவிடும் என்பதால் வருஷத்துக்கு 24 தடவை வரை விதி அனுமதிக்கிறது. எந்திரம் எல்லா ஊரிலும் கிடையாது. பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற, நேரம் கையில் இருக்கிற, ஏற்கெனவே சில தடவை ரத்தம் கொடுத்துப் பழகியவருக்கு இது நல்ல வழி. முதல் தடவைக்கு வேண்டாம், ஊசியோடு இரண்டு மணி நேரம் படுத்திருப்பதில் மனசு விட்டுப்போகும்.

மழைக்காலத்தில் டெங்கு வந்தால் இதற்குத்தான் அலைவார்கள். இங்கே ஒரு சங்கதி: எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கு இறங்கியதுமே வீட்டார் டோனர் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ரத்தக்கசிவு இல்லாத நோயாளிக்குப் பொதுவாகப் பத்தாயிரத்துக்குக் கீழே போகும்போதுதான் தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். மருத்துவர் கேட்காமல் நாமாகத் தேடித் திரட்டினால் அவசியமானவருக்குப் போக வேண்டியது வீணாகும்.

ரத்த அணுக்களை உருவாக்குகிற மூல செல்களை (ஸ்டெம் செல்) நோயாளிக்குக் கொடுக்கப் பெயர் பதிவதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்களில் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும். பொருத்தமான நோயாளி எப்போது வருவார் என்று சொல்ல முடியாது, வராமலே போகலாம். வந்து கூப்பிட்டால் பின்வாங்க மாட்டேன் என்ற உறுதி இருப்பவர்கள் மட்டும் பதியுங்கள். கடைசி நேரத்தில் மறுப்பது, பதியாமல் இருப்பதைவிடக் கொடுமை.

உங்களுக்கு எது?

18 வயதிலிருந்து 65 வரை கொடுக்கலாம், முதல் தடவை என்றால் 60-க்குள் இருக்க வேண்டும். 45 கிலோ இருந்தால் 350 மில்லி, 55-க்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுப்பார்கள். பச்சை குத்தியிருந்தால் ஒரு வருஷம், மலேரியா வந்து போனால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடும், ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடும் போகக் கூடாது.

லாரி, தொலைதூர பஸ் ஓட்டுகிறவர்கள் கொடுத்தால் அடுத்த 24 மணி நேரம் வண்டியைத் தொடக் கூடாது. ஆகவே அவர்களுக்கு ஞாயிறு முகாமைவிட, தங்கள் விடுப்பு நாளின் காலையில் ரத்த வங்கிக்குப் போவது பொருந்தும். மூட்டை தூக்குகிறவர், சாரம் ஏறுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். நாள் கூலிக்காரரை 'ஒண்ணும் ஆகாது, சாயங்காலமே வேலைக்குப் போகலாம்' என்று இழுத்து வருவது நியாயமில்லை; அன்றைக்கு அவர் ஓய்வெடுக்க வேண்டும், அந்தக் கூலியை யார் கொடுப்பது? மத்திய அரசு ஊழியர்களுக்கு வேலை நாளில் ரத்தம் கொடுத்தால் வருஷத்துக்கு நான்கு தடவை வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பலர் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் நான் வற்புறுத்துவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல் சோகை உள்ளவர்கள். கொடுக்க ஆசைப்படுகிற பெண் முதலில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளட்டும். நன்றாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். ஆணோ பெண்ணோ, கொடுத்த ரத்தத்தின் நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணு திரும்ப வாரங்கள் ஆகும், கூடப் போன இரும்புச்சத்துக்குச் சாப்பாட்டில்தான் வழி பார்க்க வேண்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்த இரும்பும் உடம்பில் ஒட்டாது.

ஆகவே என் சிபாரிசு இது: முதல் தடவை முகாமில் கொடுங்கள். இரண்டாவது தடவையிலிருந்து நாமாகப் போவது. நெகட்டிவ் குரூப் என்றால் பதிவு செய்துவிட்டு அழைப்புக்கு. பழகிய பிறகு வசதி இருந்தால் தட்டணுக்கள்.

மற்றவரை அழைத்து வருகிறவர்களுக்கு

நம்மைப் போல ஆள் சேர்க்கிறவர்கள் செய்கிற வேலையில் ஒரு கோணல் இருக்கிறது. புதிய ஆளைத் தேடிக்கொண்டே இருக்கிறோம், போன தடவை கொடுத்தவரை மறந்துவிடுகிறோம். பயம் தெளிந்து, குரூப் தெரிந்து, பரிசோதனையும் முடிந்த ஒருவர் 90 நாள் கழித்து ஒரு போன் வந்தால் வந்துவிடுவார். அந்த போனைத்தான் யாரும் செய்வதில்லை. "வர்றீங்களா?" என்று கேட்காமல், "வர்ற சனிக்கிழமை பத்து மணிக்கு நான் போறேன், கூட வாங்க" என்று நாள் குறித்துக் கூப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

முகாம் தேதி போடுவதற்கு முன் ரத்த வங்கிக்குப் பேசி, "எந்த வாரம் உங்களுக்கு இழுபறி, எத்தனை யூனிட் தாங்கும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற வாரத்தில் அறுபது பேர் வந்தால், அவர்களுக்கு வேண்டாத நாளில் இருநூறு பேர் வருவதைவிட மேல். தலைவர் பிறந்தநாளை மாற்ற முடியாது, அன்றைக்குத்தான் நடத்த வேண்டும் என்கிற நிர்பந்தம் கட்சிக்காரர்களுக்கு இருக்கிறது, புரிகிறது. அப்படியென்றால் வந்தவர்களில் பாதிப் பேரை அன்றே கொடுக்கச் சொல்லுங்கள். மீதிப் பேருக்குச் சீட்டு எழுதி, வாரத்துக்கு ஐந்தைந்து பேராக ரத்த வங்கிக்கு அனுப்புங்கள். போட்டோவில் ஆள் குறையுமே என்று ஒரு வட்டச் செயலாளர் என்னிடம் கவலைப்பட்டார். பேனருக்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, ரத்தத்தை மட்டும் அப்புறம் எடுக்கட்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.